அடுப்படியில் ஒரு செங்கல்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அம்மாவுக்குப் பதினெட்டு வருஷமாக நின்றபடியே இஸ்திரி வேலை. நாற்காலி போட்டால் பெண்கள் தூங்கிவிடுவார்கள் என்பது சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு. அதனால் ஆளுக்கொரு செங்கல் வைத்துக்கொண்டு, அதன்மேல் காலை மாற்றி மாற்றி ஏற்றி இடுப்பை ஏமாற்றிக்கொள்வார்கள்.

காலேஜ் போகும் மகளுக்கு இதெல்லாம் தெரியாது. தெருவே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், வீடு ரெண்டுபடும்.

"ஊர்த்துணியெல்லாம் தேய்க்கிற, என் துணின்னா மட்டும் கை வலிக்குதாம்மா?"

போன வாரம் அம்மா வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாயாடி சலவைக்கூடத்துக்கு வந்தாள். கண்ணாடியை உள்ளே கொண்டுவந்து கொடுத்தது காவலாளிதான்.

"உங்க பொண்ணு அரை மணி நேரமா வாசல்லயே நின்னு உங்களையே பாத்துச்சு. கூப்பிடவான்னு கேட்டேன், வேணாம்னு தலையாட்டிட்டுப் போயிடுச்சு."

அன்று சாயங்காலம் அம்மா வீடு திரும்பியபோது, அடுப்படியில் கழுவித் துடைத்த செங்கல் ஒன்று கிடந்தது. கொடியில் மகள் தானே தேய்த்த சட்டை கோணல்மாணலாகத் தொங்கியது.

"இப்படியாடி தேய்ப்ப? கொண்டா, நான் தேய்ச்சுத் தரேன்."

"இருக்கட்டும்மா. இதுவே போதும்."

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் இதே பதில். செருப்பு அறுந்தாலும் போதும், சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும் போதும்.

அம்மா அலுத்துப்போய்ச் செங்கல்மேல் காலை ஏற்றி நின்றாள். இடுப்புக்கு இதமாகத்தான் இருந்தது. பதினெட்டு வருஷமாகச் சலவைக்கூடத்துச் செங்கலைப் பற்றி வீட்டில் மூச்சுவிடாமல் இருந்ததே, மகளின் இந்த வாய் இப்படி அடங்கிவிடக் கூடாது என்றுதான்.