கன்னத்தில் விழுந்த மங்கு

இரண்டாவது பெண் பிறந்தபோது ரத்தப்போக்கில் நான் பிழைத்ததே பெரிது. பிரசவம் பார்த்த லேடி டாக்டர், சில வருஷங்களுக்கு இன்னொன்று கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். குழந்தை பால் மறந்ததும் கருத்தடை மாத்திரை கொடுத்தார். அப்போது அது புதுசு. பட்டுத் தறி நெய்யும் என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். பேரனுக்காக ஏகாம்பரநாதர் கோயிலுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த மாமியாருக்குத் தெரியாது. மாத்திரையைக் கல்யாணப் புடவையின் மடிப்பில் வைத்திருந்தேன்.

சில மாதங்களில் இரண்டு கன்னங்களிலும் பழுப்பாக ஏதோ படர்ந்தது. மஞ்சள் தேய்த்துக் குளித்தும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் தோல் நிறம் மாறினால் முதலில் பெருநோய் நினைவுதான் வரும். அது வந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்பார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஊக்கால் கன்னத்தைக் குத்திப் பார்ப்பேன். வலிக்கும். ஆறுதலாக இருக்கும். மறுநாள் மறுபடியும் குத்திப் பார்ப்பேன்.

ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“மங்கு வுழுந்துக்கினு இருக்குது. என் புள்ள வயித்துல இருக்கசொல்ல எனக்கும் இப்பிடித்தான்மா வந்துச்சு.”

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து மாங்காய் வந்தது. அப்படியெல்லாம் இல்லை என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்தார்கள். அந்த மாதமும் நான் வீட்டுக்குத் தூரமாகி ஒதுங்கி உட்கார்ந்ததும் மாமியார் முகம் செத்துவிட்டது. பிறகு அவருக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. மங்கு சனி பிடித்திருக்கிறது என்றார். ஈரல் கெட்டாலும் இப்படி வருமாம் என்றார். கடைசியில் அவரே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

தோல் டாக்டர் என்னை ஜன்னலோரம் நிறுத்தி இரண்டு கன்னங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பெருநோய் இல்லை, ஈரலிலும் கோளாறு தெரியவில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. முழுகாமல் இருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“அப்ப, குழந்தை வேணாம்னு மாத்திரை ஏதாவது சாப்பிடறியாமா?”

மாமியார் என் தோளை ஒட்டி நின்றிருந்தார். இல்லை என்ற சொல் நாக்குவரை வந்தது. பொய் சொன்னால் இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்துவிடுவாரோ என்றும் பயம்.

“சாப்பிடறேன்” என்றேன்.

அதனால்தான் மங்கு வந்திருக்கிறது, பிள்ளை உண்டானாலும் வரும், இந்த மாத்திரையாலும் வரும் என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தி லேடி டாக்டரிடம் வேறு வழி கேட்கச் சொன்னார். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்றார்.

திரும்பும்போது மாமியார் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்கு வந்ததும் மகனிடம் கேட்டார். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, “எனக்குத் தெரியும்மா. அவ செத்துப் பொழைச்சவ” என்றார். அதற்கப்புறம் பல நாள் மாமியாருக்கு என்னோடு பேச்சே இல்லை. பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டே எழுந்தேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டம்மா வந்து, எத்தனையாவது மாதம் என்று விசாரித்தாள். உள்ளே பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லமா” என்றார் மாமியார். “தெருவுல தறிக்குப் பாவு நூலு நீட்டசொல்ல வெயில் பட்டது. டாக்டரே சொல்லிட்டாரு.”

அடுத்த மாதம் மாத்திரைக்குப் பதிலாக நான் லூப் போட்டுக்கொள்ளப் போனபோது இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. மங்கு வெளுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இடது கன்னத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டது.