படிப்பிக்காத கேள்வி

நெய்யாற்றின்கரையில் பேருந்து ஏறிய அந்த மெலிந்த மனிதர், என் மடியில் உறங்கும் மகனுக்கு இடம்விட்டு ஒதுங்கி அமர்ந்தார். விரல் நகங்களையெல்லாம் கடித்துத் தீர்த்திருந்தார். ஜன்னலில் தெரிந்ததையெல்லாம் காட்டித் தன் சிறுமகளிடம் பெயரும் நிறமும் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் பிசகாமல் சொன்னாள்.

“கெட்டிக்காரி,” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “இவ ஏழாம் மாசத்துல பிறந்தவளாக்கும், அக்கா. போன தடவ மூளை வளர்ச்சி பாக்க டாக்டர் வச்ச டெஸ்டையெல்லாம் வீட்டுல படிப்பிச்சு வச்சேன். இண்ணைக்கும் அதையேதான் கேட்டாரு. ஒரு குறையும் இல்லண்ணு சொல்லிட்டாரு. எனக்குப் பயமா இருக்கு. நான் படிப்பிக்காத ஒண்ண நீங்க கேளுங்க.”

சிறுமி ஆசையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் மகனும் குறைமாதத்தில் பிறந்தவன்தான். உதியன்குளங்கரையில் அவர்கள் இறங்கும்வரை நான் எதுவுமே கேட்கவில்லை.