உதட்டில் விரல் வைத்து நிற்கிறாள்

தாளாளர் அவர்களே, என் மகளைக் கெடுத்தது நீங்கள்தான். பெரம்பலூரில் உங்கள் பள்ளியில் எல்.கே.ஜி.யும் யு.கே.ஜி.யும் படித்தாளே யாழினி, அவளைத்தான் சொல்கிறேன்.

நான் வெல்டர். நார்வேயில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்துவிட்டேன். இங்கே சின்னப் பிள்ளைகளின் பள்ளியை பார்னேஹாகே என்கிறார்கள். மழை பெய்தாலும் ரப்பர் பூட்ஸை மாட்டிக் காட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள். மூன்று வயதுப் பொடிசுகள் விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் நடக்கின்றன. முதல் வாரமே ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "இவளுக்குப் பல்வலியா?" என்று கேட்டார். ஐந்து வயது யாழினி கையைக் கட்டி, உதட்டில் விரல் வைத்து, ஒரு மரத்தடியில் அசையாமல் நின்றாள். "வலி இல்லை, ஒழுக்கம்" என்றேன் அரைகுறை ஆங்கிலத்தில். "யார் தண்டித்தது?" என்றார். தண்டனை இல்லை, ஊர்ப் பள்ளியில் தினமும் இப்படித்தான் என்றேன்.

உங்கள் பள்ளிக்குப் பின்னால் வேப்பமரமும் மணலுமாக ஒரு மைதானம் இருந்தது. எப்போதும் பூட்டு. திறந்துவிடச் சொல்லிக் கேட்டேன். "மண்ணுல பொரள வுடணும்னா இங்க ஏன் சார் சேத்தீங்க? வூட்டுலயே வுட்டிருக்கலாமே" என்றீர்கள். பக்கத்தில் நின்ற பெற்றோர் சிரித்தார்கள்.

நேற்று அவளைக் கூட்டிவரப் போனபோது, பள்ளி முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரு கட்டையை இழுத்துக்கொண்டு வந்து, "கொம், கொம்" என்று யாழினியைக் கூப்பிட்டார்கள். வா என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் போகலாமா என்று ஆசிரியையின் முகத்தையே பார்த்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் காலெடுத்தாள். சரிவில் இரண்டடி வைக்குமுன் விழுந்தாள். எழுந்து பார்த்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். அவள் அழவில்லை. சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே வந்து நின்றாள். வேலிக்கு வெளியே நின்ற நான்தான் அழுதேன்.

இரவு தங்கை செல்வி அரியலூரிலிருந்து பேசினாள். அங்கேயும் உங்கள் கிளை திறக்கிறதாம். "எம்பையன அங்கதாண்ணே சேக்கப்போறேன். புள்ளைங்க சத்தமே கேக்காதாம், அவ்ளோ டிசிப்ளின்."

"வேணாம் செல்வி."

"உன் பொண்ணு மட்டும் ஃபாரின்ல படிக்கணும், எம்புள்ள நல்ல ஸ்கூல்ல படிக்கக்கூடாதா?" வைத்துவிட்டாள்.

நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். திறப்பு விழாவில், மைக்கைப் பிடித்து, செல்வியும் மற்ற பெற்றோரும் கேட்க இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சொந்த ஊர் மண்ணில் என் மகளை நீங்கள் கால்வைக்க விடவில்லை. இந்த ஊர் மண்ணில் அவளுக்குக் கால் நிற்கவில்லை. அவள் எந்த மண்ணில் ஓடுவாள்?