எங்கள் வீட்டோடு நின்ற அளவு

சித்தப்பாவின் ஜீப் ஒத்தக்கடையில் எங்கள் வாசலில் வந்து நின்ற அந்தக் காலையில் அம்மா அவருக்காகக் காபி கலந்துவிட்டாள். அவர் உள்ளே வரவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாயில் ஆக்கிரமிப்புகளை அகற்ற, தாசில்தாராக, போலீசோடும் பொக்லைனோடும் வந்திருந்தார்.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கால்வாயை ஒட்டி வரிசையாகக் குடிசைகள். கடைசியில் எங்கள் மாடி வீடு. எங்கள் பின்பக்கச் சுற்றுச்சுவர் கால்வாய்க்குள்தான் நின்றது. கட்டும்போதே வேண்டாமென்று அப்பாவிடம் சொன்னவர் சித்தப்பா. மதியத்துக்குள் குடிசைகள் எல்லாம் தரைமட்டமாகிவிட்டன. சர்வேயர் சங்கிலியை எங்கள் சுவர் வரை இழுத்துவந்து சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். சித்தப்பா, பின்வாசலில் நின்ற தன் அண்ணனைப் பார்த்தார். "இன்னைக்கு இம்புட்டு போதும்" என்றார். பொக்லைன் திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம், அந்தக் குடிசைகளில் ஒன்றில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா தன் பாத்திரங்களை எங்கள் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே வைக்கக் கூடாதென்று சொல்லப் போன அப்பாவிடம், "நாங்க மட்டுந்தான் கால்வாய்ல இருந்தோமா சார்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். எங்களுக்குப் பட்டா இருக்கிறதென்று சொல்லி அப்பா கதவைச் சாத்தினார். பட்டா வீட்டுக்கு இருந்தது, சுவர் நின்ற இடத்துக்கு இல்லை.

ஐப்பசி மழையில் கால்வாய்த் தண்ணீர் எங்கள் சுவரில் முட்டி எதிர்த்து ஏறி, பக்கத்துப் பொட்டலில் தார்ப்பாய் கட்டிக் கிடந்த குடிசைக்காரர்களைச் சூழ்ந்துகொண்டது. சித்தப்பா கொட்டும் மழையில் பொக்லைனோடு வந்தார். மழை விடட்டும், உள்ளே வா என்று அப்பா கூப்பிட்டார்.

"இல்லண்ணே. சுவத்த இடிக்கப் போறேன். நீங்க உள்ள போங்க."

சுவர் விழுந்ததும் தண்ணீர் கண்மாயைப் பார்த்து ஓடிவிட்டது. முழங்காலளவு சேற்றில் நின்ற அந்த அக்காவிடம் ஏதோ சொல்ல சித்தப்பா வாயெடுத்தார். அதற்குள் அவளே சொன்னாள்: "அன்னைக்கே இடிச்சிருந்தா எங்க சட்டிபானையாச்சும் மிஞ்சியிருக்கும் சார்."

சித்தப்பா ஓய்வுபெற்று இப்போது வாடிப்பட்டியில் இருக்கிறார். கல்யாண வீடுகளில் அவரைக் காட்டி, சொந்த அண்ணன் வீட்டுச் சுவரையே இடித்த நேர்மையான அதிகாரி என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு வந்ததும் சித்தப்பா வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார். எனக்கும் அங்கே உட்கார முடிவதில்லை.