கேட்டவர் பெயர்

குமுதாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்தித் தொலைத்தால்கூடப் பரவாயில்லை என்பார்கள் அவளோடு வேலை பார்த்தவர்கள்.

ரிங்லெட் என்ற மலையூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எட்டு வருடம் தூள் சலித்தவள். அங்கே சல்லடையை மாற்றச் சொன்னவரின் பெயரை அதன் மரச்சட்டத்தில் சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். தூள் கெட்டால் யாரும் யாரையும் மாட்டிவிட முடியாது. பகுதி நேரமாக எலக்ட்ரானிக்ஸ் படித்து, தோட்டத்துக்கு மேலே குன்றிலிருக்கும் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. அங்கே அவள் பொறுப்பில் இருப்பது கோரிலேட்டர். நான்கு டிஷ்களும் வானத்தில் பிடிக்கும் அலைகளைச் சேர்த்து, அலைவரிசை வாரியாகப் பிரித்துத் தரும் இயந்திரம். அதை எப்படி அமைத்தோம் என்று நாளுக்கொன்றாக எழுதும் கோப்பிலும் முதல் வரியாகக் 'கேட்டவர்' பெயரைப் போட்டுவிடுவாள்.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து டாக்டர் மகேன் வந்தார். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வாயு ஒரே அலைவரிசையில் விடும் ரேடியோ அலையை, திரையில் மெல்லிய கோடாகத் தெரிவதை, பிடிக்க ஏழு நாள் அனுமதி வாங்கியிருந்தார். வந்ததும் வராததுமாக, கோரிலேட்டரில் அலைவரிசை அகலத்தை இருநூறு மெகாஹெர்ட்ஸ் வைக்கச் சொன்னார்.

"டாக்டர், அகலத்தப் பிரிச்சிப் போட சேனல் ரெண்டாயிரந்தான் இருக்கு. இவ்ளோ அகலம் வெச்சா ஒரு சேனலே நூறு கிலோஹெர்ட்ஸ். உங்க கோடு ரெண்டு கிலோஹெர்ட்ஸ்தான். இரைச்சல்ல கரைஞ்சி போயிடும் லா. நாலு மெகாஹெர்ட்ஸ் போதும்."

"நீ தூள் சலிச்ச ஆளுதானே? சொன்னத மட்டும் செய் லா."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதருக்குக் கணக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் வாயிலிருந்து வந்ததால் காதில் ஏறவில்லை. சொன்னதைச் செய்தாள். ஆறு நாளும் திரையில் ஒன்றுமில்லை.

ஏழாம் நாள் காலை, நிலையத் தலைவர் டொமினிக் அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். 'இயக்குபவர் தவறாக அமைத்ததால் ஆறு நாள் வீண்' என்று மகேன் எழுதியிருந்தார். அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்கு அனுப்ப அந்த ஒரு வரி போதும்.

குமுதா ஆறு நாள் கோப்புகளையும் திறந்து காட்டினாள். ஆறிலும் கேட்டவர்: மகேன்.

"இன்னிக்கு ஒரு நாள் எங்கிட்ட குடுங்க, சார்," என்றாள்.

டொமினிக் தலையசைத்தார். நாலு மெகாஹெர்ட்ஸ் வைத்தாள். மத்தியானத்துக்குள் திரையில் கோடு நெட்டுக்குத்தாக நின்றது.

மகேன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"குமுதா, இந்தக் கோப்புல என் பேரையும் போட்டுடேன்மா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. 'கேட்டவர்: குமுதா' என்று தட்டிச் சேமித்தாள்.

"உங்க பேருதான் ஆறு கோப்புல இருக்கே, டாக்டர்."