முதலில் அம்மாவை ஏற்று

செவ்வாய்க்கிழமை காலை ஆட்டோக்காரர் பாபன் போன் செய்தார். வங்காளி, எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். அன்று அவருக்குத் தமிழ் வரவில்லை. "பத்மா தீதி சலி கயி" என்று சொல்லி அழுதார். பத்மா அக்கா போய்விட்டார்.

எங்கள் தீவின் ஜங்லிகாட் பகுதியில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எதிரே அக்கா தையல் கடை வைத்திருந்தார். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். இவர் வங்காளத்தையே ஆட்டோவோடு எங்கள் வாசலுக்கு வரவழைத்தார்.

எனக்குச் சிறுவயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. கணவருக்குக் கப்பலில் வேலை. நாங்கள் குடியிருக்கும் பத்துபஸ்தியிலிருந்து போய் மகள் நிலாவைப் பள்ளி விடும் நேரத்தில் அழைத்துவர என்னால் முடியாது. பக்கத்துத் தெருவில் கண் பார்வையில்லாத செல்வம் அண்ணனுக்கும் தன் மகன் குமாரைப் பற்றி அதே கவலை. அக்காதான் பாபனைப் பிடித்து, இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு செய்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு சிறுமி அக்காவிடம், "நிலாவோட அம்மா மெயின்லேண்ட்ல இருக்காங்களாம், அவளே சொன்னா" என்றிருக்கிறாள். அக்கா அன்று மாலையே நிலாவோடு ஆட்டோவில் வந்து, ஒளிக்காமல் என்னிடம் சொன்னார். நிலாவை அடிக்கக் கை ஓங்கினேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவள ஏன் அடிக்கிற புள்ள? ஸ்கூல் கேட்டு பக்கமே வராத அம்மாவ அவ வேற எங்க கொண்டு போய் வைப்பா? தப்பு என்னோடது. சாமான் எறக்குற மாதிரி புள்ளைய எறக்க ஏற்பாடு பண்ணிப்புட்டேன்."

பிறகு வாசலில் நின்ற பாபனைப் பார்த்தார். "கல் சே, நாளையிலருந்து, முதல்ல அம்மாவ ஏத்து. அப்புறம் செல்வம். அதுக்கப்புறந்தான் ஸ்கூல். சம்ஜா?"

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. ஆட்டோவை கேட் அருகே நிறுத்தக் கூடாது என்றார் காவலாளி. அக்கா கத்தரிக்கோலும் கையுமாகச் சாலையைக் கடந்து வந்தார். காவலாளி ஒதுங்கி வழிவிட்டார். நாங்கள் வந்ததும் அக்கா கடையிலிருந்தே கூவுவார்: "நிலா, அம்மா வந்தாச்சு! குமாரு, அப்பா வந்தாச்சு!" தெருவே திரும்பிப் பார்க்கும். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, நிலாவுக்கும்தான். ஒருநாள் அவளே தோழிகளை இழுத்துவந்து, "இவங்கதான் எங்கம்மா" என்று காட்டினாள். அன்று நான் பட்ட சந்தோஷத்தை அக்காவிடம் சரியாகச் சொல்லவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாளும் பாபன் வந்தார். முதலில் என்னை ஏற்றினார், பிறகு செல்வம் அண்ணனை. அக்காவின் கடை பூட்டிக் கிடந்தது. பள்ளி மணி அடித்தது. "யாருமே கூப்பிடலியேம்மா, பையனுக்கு நாம வந்தது எப்படித் தெரியும்?" என்றார் அண்ணன்.

நான் தெருவில் சத்தம் போட்டுப் பேசியவள் இல்லை. ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினேன். "நிலா, அம்மா வந்தாச்சு! குமாரு, அப்பா வந்தாச்சு!"

தெரு திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

போய் வாருங்கள், அக்கா. இனி நான் கூப்பிட்டுக்கொள்கிறேன்.