கழுத்தில் கட்டிய சிவப்புத் துணி

போன வருடம் ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசி முழுக்கச் சாரல் அடித்துக்கொண்டிருந்த நேரம். இத்தனை மாதம் கழித்தும், இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

இலத்தூரில் இருந்து தினமும் தென்காசிக்கு வந்து, மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆலங்குளம் வரை கடை கடையாகப் போடுவது என் வேலை. என் பழைய வண்டி படுத்துவிட்டது. கீழப்பாவூரில் ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர் தன் பைக்கை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மீட்டர் எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர் காட்டியது. அவ்வளவு ஓடிய வண்டியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்கிற திமிர் எனக்கு உண்டு. போனதும் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. அப்படியென்றால் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை. ஒரே உதையில் கிளம்பியது. புகை இல்லை. செயின், பிரேக், ஆயில், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பர் என்று முக்கால் மணி நேரம் குடைந்தேன். அவர் நெற்றி நிறையத் திருநீறோடு பொறுமையாக நின்றார்.

ஹேண்டிலுக்குக் கீழே, சேஸிஸின் கழுத்தில் மட்டும் சிவப்புத் துணியை நாலு சுற்றுச் சுற்றி, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. என் கை அங்கே போனபோதுதான் அவர் வாய் திறந்தார்.

"தம்பி, அது நரசிம்மர் சன்னதில வச்சு பூச பண்ணிக் கெட்டுனது. அது இருக்கப் போயிதான் இத்தன வருசமா எனக்கு ஒண்ணும் ஆகல."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீட்டிய கையால் அந்தத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பூஜை போட்டுக் கட்டியதை யாரும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்கவில்லை.

வாங்கிய மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவியையும் மகளையும் அந்த வண்டியில் மெயினருவிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். அவர்கள் துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துவைத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தார்கள். அதற்குள் கழுவிவிடலாம் என்று, குற்றாலம் ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், அதை நடத்துகிற அக்கா சிவப்புத் துணியைப் பிளேடால் அறுத்துக் கீழே போட்டிருந்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். அங்கே நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒரு பொம்பளைக்குச் சாமி பயம் வேண்டாமா என்று கூடக் கேட்டுவிட்டேன். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னைய ஏசுறது இருக்கட்டும் அண்ணாச்சி. இங்கன குனிஞ்சு பாருங்க. சந்தனம்னா தண்ணி பட்டதும் கரைஞ்சு ஓடிரும்லா? துணிக்கு அடியில தட்டுப்பட்டது கல்லு மாதிரி நின்னுச்சு. அதான் அறுத்துட்டுச் சொரண்டிப் பாத்தேன்."

குனிந்தேன். துணி இருந்த இடத்தில், விரிசலை அடைக்கிற பட்டி பூசியிருந்தது. பட்டிக்கு அடியில் பழைய வெல்டிங். அந்த வெல்டிங்கும் விட்டுப்போய், நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. மூன்று பேர் பாரத்தோடு ஏதாவது ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தால் ஹேண்டில் தனியாகக் கையோடு வந்திருக்கும். டேங்க் மேல் என் மகள் உட்கார்ந்திருப்பாள்.

அக்காவைப் பார்த்துக் கையைக் கூப்பினேன்.

"சரி விடுங்க. ஏறி ஓட்டிராதீய, உருட்டிட்டே போங்க" என்றார்.

மறுநாள் லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு கீழப்பாவூர் போனேன். அந்த மனிதர் பதறவே இல்லை.

"நான் அவுக்கக் கூடாதுன்னு சொன்னனா தம்பி? நீங்கதான தொட்டுக் கும்பிட்டுட்டு வண்டியக் கொண்டு போனீய."

அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் தடுக்கவில்லை என்பது உண்மை. நான் அவிழ்க்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று உள்ளே போய்விட்டார். வேறொரு துணியைச் சுற்றி யார் தலையிலாவது கட்டிவிடச் சொல்லி, தெரிந்த புரோக்கர் ஒருவர் யோசனை சொன்னார். அவரையும் ஏசிவிட்டு, சேஸிஸை என் கண் முன்னால் இரண்டாக அறுக்க வைத்துப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

ஏமாந்தது கூட ஒருநாள் ஆறிவிடும். என் பக்தியை எடை போட்டு, அதற்கு அடியில் என் பிள்ளையின் சாவை ஒளித்து வைத்தாரே, அதுதான் ஆறவில்லை. இன்றைக்கும் கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடும்போது, பாதியில் அந்தத் திருநீறு பூசிய முகம் வந்து நிற்கிறது. நான் கண்ணைத் திறந்துவிடுகிறேன்.